டெர்மினல்ல நோட்ஸ் வச்சிருக்கேன், தமிழ்ல எழுதுனத தேடுனா சிக்க மாட்டேங்குது, நீங்கல்லாம் எப்படி அடுக்குறீங்க?

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா என் நோட்ஸ் மொத்தத்தையும் டெர்மினல்லயே, அதாவது கமாண்ட் அடிக்கிற திரைலயே தான் எழுதி வச்சுட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு போன் ஆப்ல இருந்துச்சு. அவங்க சர்வீஸ நிறுத்தினப்போ எக்ஸ்போர்ட்னு ஒரு ஃபைல் குடுத்தாங்க, அதுல பாதி தமிழ் கேள்விக்குறியா வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி சாதா டெக்ஸ்ட் ஃபைல் தான், விம் எடிட்டர்ல எழுதுவோம், கிரெப் கமாண்ட்ல தேடுவோம், யாரும் நம்மகிட்ட இருந்து புடுங்க முடியாதுன்னு. இப்ப ஒரே போல்டர்ல 1100 ஃபைலுக்கு மேல சேர்ந்துடுச்சு. ஆபீஸ் சர்வர் வேலை, போர் மோட்டார் ரிப்பேர், கரண்ட் பில், நிலத்து பத்திர விவரம், அப்பாவோட மருந்து கணக்கு எல்லாம் அதுல தான்.

போன வாரம் அப்பாவ செக்கப்புக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன். பிரஷர் மாத்திரைய எப்ப 5ல இருந்து 10 ஆக்குனாங்கன்னு டாக்டர் கேட்டாங்க. எழுதி வச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, லேப்டாப் கையில இருந்துச்சு, அங்கயே திறந்து "மருந்து"ன்னு கிரெப் போட்டேன், நாலஞ்சு வரி வந்துச்சு, வேண்டியது மட்டும் வரல. அப்பா என் மூஞ்சிய பாக்குறாரு, டாக்டர் கடிகாரத்த பாக்குறாங்க, கடைசில "ஞாபகம் இல்ல மேடம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி உக்காந்து ஒவ்வொரு ஃபைலா திறந்து பாத்தா இருக்கு, "பிரஷர் மருந்த 10 ஆக்கிட்டாங்க, காலைல சாப்டுட்டு"ன்னு என் கையால எழுதி வச்சிருக்கேன். கண்ணு முன்னாடி இருந்தும் தேவைப்பட்ட நேரத்துல எடுக்க முடியலங்கறது ரொம்ப உறுத்துது.

அதனால கேக்குறேன். சப்ஜெக்ட் வாரியா போல்டர் பிரிக்கணுமா, இல்ல டேக் போடணுமா? ஃபைல் பேர தமிழ்ல வைக்கலாமா? தேடுறதுக்கு கிரெப்ப விட நல்லதா எதாவது இருக்கா?

மஞ்சமூட்டை:

போல்டர் பிரிக்காதீங்க ப்ரோ, நான் பிரிச்சு பட்டிருக்கேன். வீடு, ஆபீஸ், உடம்பு, பணம்னு நாலு போட்டேன், ஆஸ்பத்திரி பில் வந்தப்போ அது உடம்பா பணமான்னு பத்து நிமிஷம் யோசிச்சேன், ஆறு மாசம் கழிச்சு எந்த போல்டர்ல போட்டேன்னு திரும்ப பத்து நிமிஷம். இப்ப ஒரே போல்டர் தான். ஃபைல் பேர் 2024-03-17 மாதிரி வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், தேதி, அதுக்கப்புறம் ரெண்டு மூணு வார்த்தை. இப்படி வச்சா ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்ட் அடிச்சாலே தேதி வரிசைல நிக்கும், தனியா சார்ட் பண்ண வேண்டாம்.

எழுதுறதுக்கு டெர்மினலோட செட்டிங் ஃபைலான பேஷ்ஆர்சில ஒரு குட்டி ஃபங்ஷன் போட்டு வச்சிருக்கேன். அதோட பேர் ஒரே எழுத்து. அத அடிச்சு ஒரு வரி எழுதி என்டர் தட்டுனா இன்னைக்கு தேதி ஃபைலோட கடைசில நேரத்தோட சேர்ந்துடும், எடிட்டர் கூட திறக்காது. சும்மா அந்த எழுத்த மட்டும் அடிச்சா ஃபைல் விம்ல திறக்கும். மொத்தமே ஏழெட்டு வரி தான். ஆனா இது வந்ததுக்கு அப்புறம் நான் எழுதுறது நாலு மடங்கு ஆயிடுச்சு, ஏன்னா கரண்ட் மீட்டர் முன்னாடி நின்னுட்டு எடிட்டர் திறக்குற பொறுமை யாருக்கும் இருக்காது.

பனையோலை:

கரிசக்காட்டான், உங்க பிரச்சனை போல்டரும் இல்ல டேகும் இல்ல. கிரெப் மேலயும் தப்பு இல்ல, 1973லயே யூனிக்ஸ்ல வந்த டூல் அது, குடுத்த எழுத்து வரிசை அப்படியே இருக்கான்னு பாக்கும், அவ்வளவு தான். இங்கிலீஷ்ல வேற்றுமை சேர்த்தாலும் வார்த்தை பெருசா உடையாது. தமிழ்ல வார்த்தையோட வால் ஒவ்வொரு வாக்கியத்துலயும் மாறிட்டே இருக்கும். நீங்க தேடுனது "மருந்து", எழுதுனது "மருந்த". அந்த கடைசி உகரம் இல்லாததால தான் உங்களுக்கு கிடைக்கல.

இதுக்கு ஒரு வழி இருக்கு, அதுக்கு கம்ப்யூட்டர் எழுத்துகள சேமிக்கிற யூனிகோட் முறைல தமிழ் எப்படி உக்காந்திருக்குன்னு கொஞ்சம் தெரியணும். நாம "து"ங்கறத ஒரு எழுத்தா பாக்குறோம், கம்ப்யூட்டர் அத "த" ஒண்ணு, உகரக் குறி ஒண்ணுன்னு ரெண்டா வச்சிருக்கு. அதனால கடைசி உயிர்க்குறிய வெட்டிட்டு தேடுங்க. "மருந்த"ன்னு போட்டா மருந்து, மருந்தை, மருந்துல, மருந்தெல்லாம், மருந்தே எல்லாம் மொத்தமா வந்துடும். கணக்குக்கு "கணக்க", ஆறுக்கு "ஆற" போட்டா ஆற்றுல கூட மாட்டும். வீடு கொஞ்சம் தொல்லை, "வீட"ன்னு போட்டா வீடும் வரும் வீட்டுலயும் வரும், கூடவே வீடியோவும் வரும், அதனால நான் கிரெப்புக்கு -E போட்டு "வீடு|வீட்ட"ன்னு ரெண்டையும் சேர்த்து குடுப்பேன்.

மகரத்துல முடியுற வார்த்தைக்கு வேற மாதிரி. பணம், பணத்த, பணமும், பணத்துக்கு. இங்க "பண[மத]"ன்னு அடைப்புக்குள்ள ரெண்டு எழுத்தையும் போடுங்க, எல்லாம் விழும். மரத்துக்கும் நிலத்துக்கும் இதே தான், உங்க பத்திர விவரத்துக்கு "நில[மத]" உதவும். ஒண்ணு மட்டும் கவனிங்க, லொகேல், அதாவது சிஸ்டத்தோட மொழி செட்டிங், யூனிகோட பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8ல இருக்கணும். சர்வர்ல எஸ்எஸ்எச் போட்டு உள்ள போயி அங்க லொகேல் சும்மா சி-ன்னு இருந்தா, அடைப்புக்குள்ள இருக்குற எழுத்த பைட் பைட்டா உடைச்சிடும். யூடிஎஃப்-8ல எல்லா தமிழ் எழுத்தும் ஒரே பைட்ல தான் ஆரம்பிக்கும், அதனால சம்பந்தமே இல்லாததெல்லாம் வந்து கொட்டும். கிரெப் மாதிரியே தேடுற ரிப்கிரெப்ங்கற டூல்ல இந்த தொல்லை கிடையாது, அது எப்பவும் யூனிகோடாவே பாக்கும். விண்டோஸ் நோட்பேட்ல யூனிகோட்னு சேவ் பண்ணின பழைய யூடிஎஃப்-16 ஃபைல் எதாவது கலந்திருந்தாலும் அது தானா கண்டுபிடிச்சு படிச்சிடும், கிரெப் சத்தமில்லாம தாண்டிப் போயிடும்.

இதெல்லாம் தேடும்போது செய்யுற வேலை. இதவிட முக்கியமானது எழுதும்போது செய்யுறது. ஒவ்வொரு நோட்டுக்கும் முதல் வரில "சாவி:"ன்னு போட்டு, நாளைக்கு எந்த வார்த்தைய வச்சு இத தேடுவேனோ அந்த வார்த்தைகள எந்த வாலும் ஒட்டாம எழுதிடுவேன். "சாவி: மருந்து, அப்பா, பிரஷர்". ஏன்னா வெட்டித் தேடுறதும் எல்லா நேரமும் கை குடுக்காது. பிரஷர், ப்ரஷர், பிரசர்னு ஒரே ஆள் மூணு விதமா எழுதுவோம், மோட்டார் மோட்டர் ரெண்டும் எழுதுவோம். அதனால சாவி வார்த்தைகளுக்குன்னே ஒரு ஃபைல் வச்சிருக்கேன், வரிக்கு ஒண்ணு, இப்ப 90 கிட்ட இருக்கு. புது நோட் ஆரம்பிச்சா ஸ்கிரிப்ட் அந்த ஃபைல எஃப்இசட்எஃப்ங்கற, பட்டியல்ல இருந்து பொறுக்குற டூல்ல காட்டும், டேப் தட்டி வேண்டியத பொறுக்கிட்டா முதல் வரில தானா உக்காந்துடும், நான் டைப்பே பண்றது இல்ல, அதனால ஸ்பெல்லிங்கும் மாறாது.

கரிசக்காட்டான்:

பனையோலை அண்ணா, கும்பிடணும் உங்கள. "மருந்த"ன்னு போட்டேன், 61 வரி வந்துச்சு, அப்பாவோட ரெண்டு வருஷ கதையும் திரைல நிக்குது.

ஆனா இன்னொண்ணு புரியல. "கொய்யா"ன்னு ஒரு நோட் இருக்கு, தோட்டத்துல கன்னு வச்ச தேதி. திரைல கண்ணால பாக்குறேன், கொய்யான்னு தான் இருக்கு, அதே வார்த்தைய அடிச்சு தேடுனா வரல, "ய்யா"ன்னு தேடுனா வருது. இது பழைய ஆப் எக்ஸ்போர்ட்ல இருந்து பிழைச்ச ஃபைல்.

சுழியன்:

இது எனக்கு நல்லா தெரிஞ்ச நோய். கொகரத்த ரெண்டு விதமா சேமிக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம். திரைல ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும். நீங்க கீபோர்டுல அடிக்கிறது சேர்ந்தது, அந்த ஃபைல்ல இருக்குறது பிரிஞ்சது. சந்தேகமா இருந்தா டபிள்யூசி கமாண்ட்ல பைட் எண்ணிப் பாருங்க, நீங்க அடிச்ச கொய்யா 18 பைட் வரும், அந்த ஃபைல்ல இருக்குற கொய்யா 21 வரும். கொ, கோ, கௌ மூணு வரிசைக்கும் இது உண்டு.

தீர்வு சுலபம் தான். டெபியன், உபுண்டுல ஐசியு-டெவ்டூல்ஸ் பேக்கேஜ் போட்டா யூகான்வ்னு ஒரு கமாண்ட் வரும், அத வச்சு எல்லா ஃபைலையும் என்எஃப்சிக்கு, அதாவது சேர்ந்த குறி வடிவத்துக்கு மாத்திடுங்க. பைத்தான்லயே யூனிகோட்டேட்டா மாட்யூல வச்சும் பண்ணலாம். முதல்ல போல்டர அப்படியே காப்பி எடுத்து வச்சுட்டு பண்ணுங்க.

என்எஃப்சியும் சரி பண்ணாதது ஒண்ணு இருக்கு. கௌரி அத்தைய பாதி பேர் "கெளரி"ன்னு, அதாவது கொம்பு போட்டு பக்கத்துல ளகரத்த வச்சு எழுதுறாங்க. பாக்க ஒண்ணு போல இருந்தாலும் அது உண்மையிலயே வேற எழுத்து, "(கௌ|கெள)ரி"ன்னு தான் தேடணும். அப்புறம் வெப் பேஜ்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா கண்ணுக்கு தெரியாத ஜீரோ-விட்த் எழுத்துகள் நடுவுல ஒட்டிக்கிட்டு வரும், அதையும் அதே ஸ்கிரிப்ட்லயே துடைச்சு விட்டுடுங்க.

மஞ்சமூட்டை:

அடடா, கோவை ட்ரிப் நோட் ஏன் எனக்கு கிடைக்கலன்னு இப்ப தான் தெரியுது. நன்றி சுழியன்.

மலையருவி:

ஃபைல் பேர் பத்தி யாரும் முழுசா சொல்லல, அதனால நான் சொல்றேன். தமிழ்ல பேர் வைக்கலாம், நான் வைக்கிறேன், ஆனா சுருக்கமா வைங்க. லினக்ஸ்ல ஈஎக்ஸ்டி4ங்கற டிஸ்க் ஃபார்மேட்ல ஒரு பேருக்கு 255 பைட் தான் இடம், தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகுது, "தமிழ்"ங்கற ஒரு வார்த்தையே 15 பைட். ஆக 85 குறி தான், புள்ளியும் கொம்பும் காலும் எல்லாம் அந்த கணக்குல சேரும். பழைய உபுண்டுல ஹோம் போல்டர என்கிரிப்ட் பண்ணியிருந்தீங்கன்னா இன்னும் கம்மி, 143 பைட் தான்.

அடுத்தது கிட், ஃபைல்ல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்கிற டூல். கண்டிப்பா கிட்ல வைங்க, ஆனா கிட் ஸ்டேட்டஸ் அடிச்சா உங்க தமிழ் பேர் எல்லாம் பேக்ஸ்லாஷும் நம்பருமா தெரியும். பயப்படாதீங்க, எதுவும் கெட்டுப் போகல. கோர் டாட் கோட்பாத்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஃபால்ஸ் பண்ணிட்டா தமிழாவே காட்டும். நான் ராத்திரி 11 மணிக்கு குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டுற கிரான்ல தானா கமிட் ஆகுற, அதாவது கிட்ல பதிவாகுற மாதிரி விட்டுட்டேன், மெசேஜ் கூட வெறும் தேதி தான், ஏன்னா எனக்கு வேண்டியது போன மாசம் இந்த ஃபைல் எப்படி இருந்துச்சுங்கறது மட்டும் தான்.

இதுல ஒண்ணு மட்டும் தயவு செஞ்சு கேளுங்க, பாஸ்வேர்ட், பேங்க் பின் எதையும் இந்த போல்டர்ல எழுதாதீங்க. ஒரு தடவை கமிட் ஆயிட்டா அடுத்த நாள் அழிச்சாலும் ஹிஸ்டரில இருந்துட்டே இருக்கும், விம்மோட ஸ்வாப் ஃபைல், அன்டூ ஃபைல்லயும் மிச்சம் கிடக்கும். அதுக்கு பாஸ்னு தனி டூல் இருக்கு, ஜிபிஜி என்கிரிப்ஷன்ல பூட்டி வைக்கும்.

போன்லயும் அதே ஃபைல் இருக்க, ஃபைல ஒத்து வைக்கிற சின்க்திங் வச்சிருக்கேன். ஆண்ட்ராய்டுக்கான அவங்க சொந்த ஆப்ப 2024 டிசம்பரோட நிறுத்திட்டாங்க, இப்ப அதோட ஃபோர்க், அதாவது வேற ஆளுங்க பிரிச்சு எடுத்து நடத்துற வடிவம் தான் ஓடுது, எனக்கு இது வரைக்கும் பிரச்சனை இல்ல.

வாசகசாலை_வாசு:

நான் கொஞ்சம் மாறுபடுறேன். நிக்லஸ் லூமான்னு ஒரு ஜெர்மன் சமூகவியல் பேராசிரியர், 90,000 சீட்டு கிட்ட எழுதி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குடுத்து, ஒரு சீட்டுல இருந்து இன்னொரு சீட்டுக்கு நம்பர் வழியா வழி போட்டு வச்சிருந்தாரு. தேடுறத மட்டும் நம்பி இருக்காம நோட்டுக்கு நோட்டு லிங்க் போடுங்க. விம்ல ஃபைல் பேர் மேல நின்னு ஜிஎஃப் தட்டுனா அந்த ஃபைல் திறக்கும், வேற ப்ளகின் எதுவும் வேண்டாம்.

பனையோலை:

வாசு, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு நீங்க சொல்றது சரி, நானும் படிக்கிற புத்தகங்களுக்கு அப்படித்தான் லிங்க் போடுறேன். ஆனா மோட்டார் ரிப்பேருக்கும் மாத்திரை அளவுக்கும் லிங்க் போட்டுட்டு உக்காந்தா எழுதுறதே நின்னு போயிடும். டாக்டர் முன்னாடி உக்காந்திருக்குற ஆளுக்கு அஞ்சு செகண்ட்ல பதில் வரணும், அதுக்கு சாவி வரி போதும்.

கரிசக்காட்டான், டெர்மினல்ல கொம்பும் காலும் இடம் மாறி அசிங்கமா தெரிஞ்சா ஃபைல் போச்சுன்னு நினைச்சு திருத்தாதீங்க. டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் போடுறதால வர்ற கோளாறு அது, ஃபைல்ல சரியா தான் இருக்கும். நீளமா தமிழ் எழுதணும்னா நான் இமாக்ஸ் எடிட்டர தனி விண்டோவா திறந்துக்குவேன், 2020ல வந்த 27ஆம் வெர்ஷன்ல இருந்து எழுத்து நல்லா சேருது.

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து மூணு வேலை முடிச்சேன். காப்பி எடுத்துட்டு எல்லாத்தையும் என்எஃப்சி ஆக்கிட்டேன், 212 ஃபைல் மாறுச்சு, கொய்யா கிடைச்சுடுச்சு, கூடவே தேடாத தொட்டி, போர், கோயில் வரி எல்லாம் வந்து நிக்குது. மஞ்சமூட்டை சொன்ன ஃபங்ஷன போட்டுட்டேன். சாவி வார்த்தை ஃபைல் ஆரம்பிச்சு 40 வந்திருக்கு, பழைய நோட்ஸ் எல்லாத்துக்கும் இப்பவே போட முடியாது, எதையாவது தேடி திறக்குறப்போ அதுக்கு மட்டும் ஒரு வரி சேர்த்துட்டு மூடப் போறேன்.

அப்பாவோட மருந்து வரிகள தேதி வரிசைல ஒரே பக்கத்துல எடுத்துட்டேன், 10 ஆக்குனது போன வருஷம் ஆகஸ்ட்ல. பிரிண்ட் போட்டு அவரோட மருந்து டப்பாவுலயே மடிச்சு வச்சிருக்கேன், அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட குடுக்கணும்.