வால்வு கவர் கேஸ்கெட்: சுற்றிலும் சீலன்ட் பூசலாமா, கூடாதா?

நான்காம்_சிலிண்டர்:
வண்டியை நிறுத்தினாலே பானெட்டுக்குள்ளிருந்து ஆயில் கருகும் வாடை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மூடும் வால்வு கவரின் ஓரத்தில் கசிந்து, சூடான புகைக்குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டுகிறது. கவரைக் கழற்றிப் பார்த்தேன். இடுக்கை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் லேசாக வளைத்ததுமே காய்ந்த சுள்ளிபோல் ஒடிந்தது. புதியது கையில் இருக்கிறது. அப்படியே வைப்பதா, சீலன்ட் பசை பூசி வைப்பதா?

பழைய_ஸ்பானர்:
பூசுங்கள் தம்பி. கார்க் கேஸ்கெட் காலத்திலிருந்து பூசித்தான் வைக்கிறேன். ஒரு வண்டிகூடக் கசிகிறது என்று திரும்பி வந்ததில்லை.

கிரீஸ்_கை:
கார்க் வேறு, ரப்பர் வேறு ஐயா. வார்ப்பு ரப்பர் கவரின் பள்ளத்தில் உட்கார்ந்து, நசுங்கி, நிமிரப் பார்க்கும் தன் விசையாலேயே அடைக்கிறது. அதில் சீலன்ட்டைத் தடவினால் போல்ட்டை இறுக்கும்போது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்தால் நேராக அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத்தான் போகும். அங்கே பம்ப் உறிஞ்சும் வலையில் பாதியை மூடிக் கிடந்த ஆரஞ்சு நிற சீலன்ட் புழுக்களை நானே இடுக்கியால் எடுத்திருக்கிறேன்.

பழைய_ஸ்பானர்:
புழுவாகப் பிதுங்கினால் அது பூசியவனின் கைக்கோளாறு. டைமிங் செயினை மூடும் டைமிங் கவர், ஹெட்டோடு சேரும் மூலையில் என்ன செய்வீர்கள்? அங்கேயும் வெறும் ரப்பர்தானா?

கிரீஸ்_கை:
அந்த மூலைகளில் ஒரு பொட்டு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் அரைவட்ட வளைவு இருந்தால் அதன் இரு ஓரங்களிலும் ஒரு பொட்டு.

பழைய_ஸ்பானர்:
ஆக, பூசத்தான் வேண்டும்!

கிரீஸ்_கை:
பொட்டு வைப்பதும் முகம் முழுக்க அப்பிக்கொள்வதும் ஒன்றா ஐயா?

பத்தாம்_நம்பர்:
இருவரும் சீலன்ட் குழாயைக் கீழே வையுங்கள். புதிய கேஸ்கெட்டும் கசிகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இறுக்கிய கையை. பெரும்பாலான எஞ்சின்களில் இந்தச் சிறிய போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். உங்கள் எஞ்சினுக்கான கணக்கைக் கையேட்டில் பாருங்கள். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, இரண்டு மூன்று தவணையாக. ‘இன்னும் கொஞ்சம்’ என்று இழுத்தால் பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும், அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தக் கேஸ்கெட் ஓரத்திலும் ஆயிலைத் தள்ளும். ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் நிற்கிறதா?

நான்காம்_சிலிண்டர்:
மூன்றாவது குழியில் நிற்கிறது. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன், கலகலவென்ற சத்தமே இல்லை, அடைத்துக்கொண்டது போல.

பத்தாம்_நம்பர்:
பிளக் குழிகளைச் சுற்றியுள்ள குழாய் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக்கைத் தொடும் முன் குழியைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும்.

நான்காம்_சிலிண்டர்:
செய்துவிட்டேன். மூலைகளில் மட்டும் பொட்டு, மற்ற இடமெல்லாம் வெறும் ரப்பர். பிசிவி வால்வும் புதியது. ஒரு வாரமாக ஓரம் உலர்ந்தே இருக்கிறது.

பழைய_ஸ்பானர்:
பிசிவி வால்வைப் பார்த்தது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாரம் என்ன கணக்கு? ஆறு மாதம் ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள் தம்பி.