செப்புத் தகட்டில் நியூயார்க்

மீனாக்கா: அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் நகரின் பழைய அச்சுப்படம் ஒன்றை மேலே அனுப்பியிருக்கிறேன். வில்லியம் பர்கிஸ் என்பவர் 1716-1718 காலத்தில் வரைந்ததை, லண்டனில் ஜான் ஹாரிஸ் நான்கு செப்புத் தகடுகளில் செதுக்கினார். நான்கு தாள்களையும் சேர்த்து ஒட்டினால் ஆறடிக்கு மேல் நீளும். பெரியப்பா, இதை எங்கிருந்து பார்த்து வரைந்திருப்பார்?

பெரியப்பா: கிழக்கு ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து, அதாவது புரூக்ளின் மேட்டிலிருந்து வரைந்திருக்கிறார் அம்மா. ஆகவேதான் மன்ஹாட்டனின் தென்முனையும் கோட்டையும் இடப்பக்கம் அமைய, துறைகளும் கிடங்குகளும் வீடுகளும் அங்கிருந்து வலப்பக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன.

நான்: ஊரைவிடக் கப்பல்களை அல்லவா ஓவியர் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்!

பெரியப்பா: அந்த ஊருக்குச் சோறு போட்டதே கப்பல்தான். கோதுமை மாவையும் உணவுப் பொருள்களையும் கரீபியன் கரும்புத் தீவுகளுக்கு அனுப்பி, சர்க்கரையும் ரம்மும் ஏற்றிவந்து பிழைத்த ஊர் அது. தலைப்பிலேயே ‘செழித்து வளரும் நகரம்’ என்று பொறித்திருக்கிறார்கள். வரைபடம் என்பதைவிட இதை விளம்பரம் என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தை: அப்போது அங்கே எத்தனை பேர் வாழ்ந்தார்கள்?

மீனாக்கா: 1723ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,248 பேர், அத்தை. அவர்களில் 1,362 பேர் கறுப்பினத்தவர், பெரும்பாலோர் அடிமைகள். இந்தப் படம் வரையப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1711இல், அடிமைகளை விற்பதற்கும் கூலிக்கு விடுவதற்கும் வால் தெரு ஆற்றைத் தொடும் இடத்தில் நகரவை ஒரு சந்தையை ஏற்படுத்திவிட்டது.

பெரியப்பா: கர்னல் மோரிஸின் உல்லாசப் படகான ‘ஃபேன்சி’யைக்கூடப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். அந்தச் சந்தையில் நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் பெயரும் இதில் இல்லை.

அத்தை: படிக்கவே மனம் கனக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஏதேனும் அடையாளம் இருக்கிறதா, மீனா?

மீனாக்கா: இருக்கிறது, அத்தை. 2015இல்தான் நகர நிர்வாகம் அங்கே ஒரு தகவல் பலகையை நிறுவியது.

நான்: அடுத்த மாதம் அங்கு வரும்போது பார்க்க விரும்புகிறேன். ஆற்றோரமாகவே நடந்து வந்தால் கண்ணில் படுமா, அக்கா?

மீனாக்கா: படாது. ஆற்றில் மண் கொட்டிக் கொட்டிக் கரையை வெளியே தள்ளிவிட்டதால், அன்றைய துறை இன்று கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. வால் தெருவும் வாட்டர் தெருவும் சந்திக்கும் முனைக்கு வந்துவிடு, கவின்.