அப்டேட் முடிந்தது, கணினி எழவில்லை: கைகொடுத்த வழிகள்

(விண்டோஸ், லினக்ஸ் பற்றிப் பலர் எழுதிய குறிப்புகளின் தொகுப்பு இது. நட்சத்திரக் குறி தாண்டியதும் வேறொருவர் எழுதுகிறார்.) 'அப்டேட் போட்டேன், ஆன் ஆகலை' என்று ஒரே வரியில் சொன்னால் யாராலும் வழி சொல்ல முடியாது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. தயாரிப்பாளர் லோகோவே வரவில்லையா? அப்படியானால் விண்டோஸை இன்னும் தொடவே இல்லை. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருள்), ராம், மின்சாரம் பக்கம் போங்கள். லோகோ வந்து கீழே வட்டப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அப்டேட்டின் பாதியில் மாட்டியிருக்கலாம். நீலத்திரையா? அதில் இருக்கும் நிறுத்தக் குறியீட்டை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? விண்டோஸ் எழுந்துவிட்டது, பழுது பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் அந்த டிரைவர் மறுபடி துவங்கும். அதிலேயே திரை திரும்புவதும் உண்டு.

சதவீதம் நகராமல் நிற்பதைப் பார்த்து உடனே பவர் பட்டனை அமுக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பெரிய அப்டேட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். டிஸ்க் விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் வேலை நடக்கிறது. விளக்கே இல்லாத லேப்டாப்பில் அடிப்பகுதியில் கைவைத்து சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனிக்க வேண்டியதுதான்.

உண்மையிலேயே தொங்கிவிட்டது என்றால், பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி போட்டு, லோகோ வந்ததும் அதேபோல அணையுங்கள். இப்படி இரண்டு முறை தொடர்ந்து துவக்கம் தோற்றால் மூன்றாம் முறை விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். இனி வரும் எல்லாம் அங்கிருந்துதான். அதற்குள் யாராவது 'ஃபார்மட் போட்டுடலாம்' என்றால் தலையாட்டாதீர்கள்.

* * *

மீட்புத் திரைக்கு வந்தவர்கள் நேராக ரீசெட்டுக்குப் போகிறார்கள். அது கடைசி. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போங்கள். அங்கே இரண்டு இருக்கும். மாதாமாதம் வருவது குவாலிட்டி அப்டேட். 23எச்2-இலிருந்து 24எச்2-க்குப் போவது போன்றது ஃபீச்சர் அப்டேட். எது போட்ட பிறகு நின்றதோ அதை நீக்குங்கள். ஃபீச்சர் அப்டேட்டைத் திருப்ப 10 நாள்தான் அவகாசம். அதற்குள் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்திருந்தால் அதுவும் இல்லை.

'நீக்க முடியவில்லை' என்று அது கைவிரித்தால் கமாண்ட் பிராம்ப்ட், அதாவது கட்டளை தட்டும் கறுப்புச் சன்னல். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) முதலில் டிரைவ் எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். மீட்புச் சூழலில் சி: என்று காட்டுவது உங்கள் சி: ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிஸ்க்பார்ட் (டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் கருவி) திறந்து 'லிஸ்ட் வால்யூம்' கொடுங்கள், பிறகு அதிலிருந்து வெளியே வந்து 'டிர்' போட்டு விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் எதில் இருக்கின்றன என்று பாருங்கள். தவறான எழுத்தில் கட்டளை ஓட்டிவிட்டு 'டிஸ்ம் வேலை செய்யலை' என்று புலம்புபவர்கள் நிறைய. (டிஸ்ம் என்பது விண்டோஸ் நிறுவலைப் பழுதுபார்க்கும் கருவி.)

எழுத்து சி: என்றே வைத்துக்கொள்வோம். கட்டளை இது: டிஸ்ம் /இமேஜ்:சி:\ /கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ். பாதியில் நின்ற நிறுவலின் மிச்ச வேலைகளைத் திருப்பிப்போடச் சொல்வது இது. ஓடும் விண்டோஸில் இது வேலை செய்யாது, எழாத விண்டோஸுக்கு வெளியிலிருந்து மட்டும்தான். பிறகு ரீஸ்டார்ட் ஆகும்போது மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரை சொல்லும். மறுபடி பொறுமை.

அதிலும் ஆகவில்லையா? டிஸ்ம் /இமேஜ்:சி:\ /கெட்-பேக்கேஜஸ் /ஃபார்மட்:டேபிள். பட்டியலில் 'இன்ஸ்டால் பெண்டிங்' என்று நிற்பதையும் கடைசித் தேதி உள்ளதையும் தேடுங்கள். மாதாந்திரத் தொகுப்பின் பெயர் 'பேக்கேஜ் ஃபார் ரோலப்ஃபிக்ஸ்' என்று துவங்கும். அந்தப் பெயரை முழுசாக, ஒரு எழுத்து விடாமல், /ரிமூவ்-பேக்கேஜ் /பேக்கேஜ்நேம்: என்பதோடு கொடுக்க வேண்டும். சர்வீசிங் ஸ்டாக் என்று இருப்பதை நீக்க முயலாதீர்கள், அது நீங்காது.

இடம் போதவில்லை என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். மீட்புச் சூழல் ராமில் ஓடும் எக்ஸ்: டிரைவைத் தற்காலிக இடமாக எடுக்கிறது, அது மிகச் சிறியது. டி:-யில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி /ஸ்க்ராட்ச்டிர்: என்று அதைக் காட்டினால் தீரும்.

கணினி எழுந்ததும் முதல் வேலை, அப்டேட்டை பாஸ் செய்வது. 5 வாரம் வரை நிறுத்திவைக்கலாம். மறந்தால் இரவே அதே அப்டேட் மறுபடி இறங்கி உட்கார்ந்துவிடும்.

* * *

டிஸ்ம் பற்றி எழுதிய அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா அதுக்கு முன்னாடியே பலருக்குக் கதவு மூடிடுது: டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர். கமாண்ட் பிராம்ப்ட் திறக்கணும்னாகூட 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். 'நான் பிட்லாக்கர் போடவே இல்லையே'ன்னு சொல்வாங்க. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து நுழைஞ்சாலே டிவைஸ் என்க்ரிப்ஷன் (அதுவும் பிட்லாக்கர்தான்) தானா விழுந்திருக்கும், ஹோம் பதிப்பிலும்.

சாவி எங்கே இருக்கும்? அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில், மொபைலில் உள்ளே போய் டிவைஸ் பக்கத்தில் ரெக்கவரி கீயைப் பாருங்க. திரையில் கீ ஐடின்னு ஒண்ணு காட்டும். அதன் முதல் 8 எழுத்தும் கணக்கில் இருக்கிறதும் ஒத்துப்போகணும். ஒரே கணக்கில் மூணு நாலு பழைய கணினியோட சாவியும் கிடக்கும், தப்பானதை 48 எண்ணும் தட்டிட்டு நொந்துபோவாங்க. ஆபீஸ் லேப்டாப்னா சாவி ஐடி துறைகிட்ட இருக்கும்.

ஏன் திடீர்னு கேட்குது? சாவியைப் பத்திரமா வைக்கும் டிபிஎம் சிப், துவக்க நிலையின் அளவீடுகளைப் பார்த்துத்தான் சாவியைத் தரும். பயாஸ் அப்டேட்டோ செக்யூர் பூட் (நம்பகமான பூட் கோப்பை மட்டும் ஓடவிடும் பயாஸ் அமைப்பு) மாற்றமோ அந்த அளவீட்டைக் கலைச்சா, அதுக்குச் சந்தேகம் வந்துடும். சில சமயம் தப்பு அப்டேட்டோடது. 2024 ஜூலை 9 பாதுகாப்பு அப்டேட்டுக்கு அப்புறம் சில கணினிகள் இப்படிக் கேட்டு நின்னது, ஆகஸ்ட் 13 அப்டேட்டில் சரிசெஞ்சாங்க. 2025 மே 13 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட், கேபி5058379, டிஎக்ஸ்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் இன்டெல் வீ-ப்ரோ வகைச் செயலிகளில் இதே வேலையைக் காட்டுச்சு. பயாஸில் டிஎக்ஸ்டியை அணைச்சா எழும். அதுக்குன்னே தனியா மே 19-இல் ஒரு திருத்தம் விட்டாங்க.

சாவி எங்கேயும் இல்லைன்னா தகவல் போச்சு. எந்தக் கடையும் அதை உடைக்காது. 'உடைச்சுத் தர்றேன்'னு காசு கேட்டா நம்பாதீங்க.

* * *

சின்னக் குறிப்பு. மீட்புத் திரை வருகிறது, யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அசையவில்லை என்றால் போர்ட்டை மாற்றி மாற்றிக் குத்தாதீர்கள். 2025 அக்டோபர் 14 அப்டேட், கேபி5066835, மீட்புச் சூழலில் மட்டும் யுஎஸ்பி கருவிகளை முடக்கிவிட்டது. அக்டோபர் 20-இல் கேபி5070773 வந்து சரியானது. அதே நிலையில் மாட்டியிருக்கும் கணினிக்கு இரண்டு வழி: பிஎஸ்2 (பழைய வட்ட முனை) கீபோர்டு, அல்லது வேறு கணினியில் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் ஊடகம் தயாரித்து அதிலிருந்து 'ரிப்பேர்' போவது. பென்டிரைவில் இருக்கும் மீட்புச் சூழல் வேறு, டிஸ்க்கில் இருப்பது வேறு. லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும் தொடுபலகை சில மாடல்களில் யுஎஸ்பி வழி போகாது, அதையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

* * *

விண்டோஸையே திட்டிக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் அப்டேட் வழியாக பயாஸ் அப்டேட்டும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அது முடிந்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கலாம். அங்கேதான் மூன்று பொறிகள்.

முதல் பொறி, சாட்டா முறை, அதாவது டிஸ்க்குடன் கணினி பேசும் விதம். ஏஎச்சிஐ, ரெய்டு என்பவை அதன் வகைகள். ஏஎச்சிஐ-யில் நிறுவிய விண்டோஸ், பயாஸ் ரெய்டுக்கு மாறியதும் 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை போடும். குறியீடு 0எக்ஸ்7பி. விண்டோஸிடம் அந்தக் கட்டுப்படுத்திக்கான டிரைவர் இருந்தாலும் துவக்கத்திலேயே ஏற்றும் பட்டியலில் இருக்காது, அதுதான் காரணம். பயாஸில் பழைய முறைக்குத் திருப்புங்கள், ஒரே நிமிட வேலை. பழைய முறை எதுவென்று நினைவில்லை என்றால் ஒன்றை மாற்றிப் பாருங்கள், ஆகாவிட்டால் மற்றது. இதனால் டிஸ்க்கில் எதுவும் அழியாது. ஆனால் அங்கே 'ரெய்டு வால்யூம் உருவாக்கு' என்று கேட்டால் மட்டும் தொடாதீர்கள், அது அழிக்கும்.

11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் விஎம்டி என்று ஒரு டிஸ்க் கட்டுப்படுத்தி சேர்ந்துகொண்டது. அது இயங்கும் கணினியில் மீட்புச் சூழலோ பென்டிரைவோ டிஸ்க்கையே காட்டாமல் போகலாம். 'டிஸ்க் செத்துப்போச்சு' என்று புது எஸ்எஸ்டி வாங்கியவர்கள் உண்டு. தயாரிப்பாளர் தளத்திலிருந்து ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து பென்டிரைவில் விரித்துவைத்து, 'டிரைவ்லோட்' கட்டளையால் அதன் ஐஎன்எஃப் கோப்பை ஏற்றினால் டிஸ்க் தெரியும். கட்டளையின் எழுத்தில் 'டிரைவ்' முழுசாக வராது. டி, ஆர், வி, பிறகு லோட்.

இரண்டாவது, சிஎஸ்எம், அதாவது பழைய பாணித் துவக்கத்தை அனுமதிக்கும் பயாஸ் அமைப்பு. பழைய எம்பிஆர் வகைப் பகுதி அட்டவணை உள்ள டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அது அணைந்துபோனால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். மறுபடி இயக்கினால் போதும். மூன்றாவது, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பதிவே காணாமல் போவது. அதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள்.

லோகோவே வராதவர்களுக்கு: சார்ஜரையும் கழற்றக்கூடிய பேட்டரியையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய்வரும்போதும் மேலே சொன்ன பொறிகள் தானாக விழும், பழியை அப்டேட் சுமக்கும்.

* * *

நான் எழுதுகிறேன். பூட் பதிவு போய்விட்டால் எல்லோரும் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று ஆரம்பிக்கிறார்கள். யுஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) கணினியில் அதனால் ஒரு பயனும் இல்லை. 'பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்' போட்டால் 'ஆக்ஸஸ் டினைட்' என்று முறைக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்தால் ஃபேட்32 வகையில் 100 எம்பி அளவில் ஒன்று இருக்கும் (சில தயாரிப்பாளர்கள் 260 வைக்கிறார்கள்). அதைத் தேர்ந்து 'அசைன் லெட்டர்=எஸ்' கொடுத்து வெளியே வாருங்கள். பிறகு ஒரே வரி: பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ. கோப்புகள் உருவானதாகச் செய்தி வரும், பூட் வரிசையிலும் பதிவு திரும்பும். அந்தச் சின்னப் பகுதியை ஃபார்மட் செய்யச் சொல்லும் குறிப்புகள் சுற்றுகின்றன. லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைச் செய்தால் அதன் பூட் கோப்புகளும் அங்கேதான், எல்லாம் போய்விடும்.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கெட்டுவிட்டது என்று 'ரெக்பேக்' ஃபோல்டரிலிருந்து நகல் எடுக்கச் சொல்வதும் காலாவதியான வைத்தியம். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே பூஜ்ய அளவுக் கோப்புகள்தான் கிடக்கும். அதை எடுத்து மேலே போட்டால் இருப்பதும் போகும்.

* * *

அப்டேட் என்றால் மைக்ரோசாஃப்ட் அனுப்பியது மட்டும் இல்லை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த 291 எண் சேனல் கோப்பு, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. கோப்பு வெளியானது இந்திய நேரம் காலை 9.39, திருத்தியது 10.57. அந்த இடைவெளியில் ஆன்லைனில் இருந்த கணினிகள்தான் மாட்டின. தீர்வு, சேஃப் மோடில் (அவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலை) போய் சிஸ்டம்32, டிரைவர்ஸ், கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரில் 'சி-00000291' என்று துவங்கும் கோப்பை அழிப்பது. ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம். ஆனால் ஒவ்வொன்றையும் கையால் தொட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிட்லாக்கர் சாவி தட்ட வேண்டும்.

அதே முறை எந்த மூன்றாம் தரப்பு டிரைவருக்கும் பொருந்தும். நீலத்திரையில் 'வாட் ஃபெயில்ட்' என்ற வரி வந்தால் அதில் ஒரு சிஸ் கோப்பின் பெயர் இருக்கும். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் எஃப்4 அழுத்தி சேஃப் மோடில் போய் அந்த மென்பொருளை நீக்குங்கள். உள்ளே போக முடியாவிட்டால் கமாண்ட் பிராம்ப்டிலிருந்து அந்தக் கோப்பின் பெயரை மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், தப்பான கோப்பைத் தொட்டிருந்தால் திரும்பப் பெயர் வைத்துவிடலாம்.

* * *

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் பக்கம் இதெல்லாம் கொஞ்சம் நிம்மதி. புது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழவில்லை என்றால் பழையது டிஸ்க்கிலேயே இருக்கும். துவங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தி குரப் என்ற பூட் பட்டியலை வரவழைத்து, 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய எண்ணைத் தேருங்கள்.

'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட்' என்று கர்னல் பேனிக் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது /பூட் நிரம்பியிருப்பது. முழு டிஸ்க் என்க்ரிப்ஷன் போட்டவர்களுக்கு /பூட் தனிப் பகுதி, பழைய நிறுவல்களில் சில நூறு எம்பிதான். ஒரு கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத் துணைக்கோப்பு) மட்டுமே 100 எம்பியைத் தொடும். இடம் இல்லாமல் பாதியில் நின்றால் கர்னல் இருக்கும், ரூட்டைக் கண்டுபிடிக்கும் துணைக்கோப்பு இருக்காது. பழைய கர்னலில் ஏறி 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்து இடம் பண்ணி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்', பிறகு 'அப்டேட்-குரப்'. மின்சாரம் போய் பாதியில் நின்றிருந்தால் இவற்றுக்கு முன் 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ'. என்விடியா அட்டையில் கறுப்புத் திரை என்றால் குரப்பில் 'ஈ' அழுத்தி லினக்ஸ் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து ஒருமுறை எழுப்பிவிட்டு டிரைவரைப் பாருங்கள்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 13 மறக்காது. விண்டோஸ் அப்டேட் போட்டது, லினக்ஸ் 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்' என்று நின்றது. பழைய பூட்லோடர்களைத் தடைசெய்யும் பட்டியலை (அதுதான் எஸ்பேட்) அந்த அப்டேட் மதர்போர்டில் எழுதிவிட்டதுதான் காரணம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸில் ஏறி, 'சூடு மோக்யுடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்' கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸில் ஏறிய பிறகு செக்யூர் பூட்டைத் திருப்பிப் போட வேண்டும். வரிசை மாறினால் பலிக்காது.

* * *

எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். டிஸ்க் பழுதைத் தேடும் 'செக்டிஸ்க் சி: /ஆர்' கட்டளையை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். அப்டேட் என்பது பல ஜிபி எழுதும் வேலை. ஏற்கெனவே நோயாளியான டிஸ்க் அந்த நேரத்தில்தான் படுக்கும். அதன்மேல் /ஆர் ஓட்டினால் ஒவ்வொரு செக்டரையும் படிக்கவைத்து மிச்ச உயிரையும் எடுத்துவிடும். கடகடச் சத்தம் கேட்டாலோ 'டிர்' கட்டளைக்கே நிமிடக்கணக்கில் யோசித்தாலோ, முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்.

மீட்புச் சூழலில் எக்ஸ்ப்ளோரர் கிடையாது, ஆனால் நோட்பேட் உண்டு. கமாண்ட் பிராம்ப்டில் 'நோட்பேட்' தட்டி, ஃபைல், ஓப்பன் போய், கீழே கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்னச் சன்னலே எக்ஸ்ப்ளோரர்தான். யூசர்ஸ் உள்ளே உங்கள் ஃபோல்டரை வலது சொடுக்கி காப்பி, பென்டிரைவில் பேஸ்ட். முன்னேற்றப் பட்டை எதுவும் தெரியாது, தொங்கியதுபோல இருக்கும். முடிந்ததும் சன்னல் மறுபடி அசையும். அளவு பெரிது என்றால் ரோபோகாப்பி நல்லது. /ஈ, /ஆர்:1, /டபிள்யூ:1 மூன்றும் சேருங்கள். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரே கோப்பில் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 விநாடி இடைவெளியில், முயன்றுகொண்டே கிடக்கும்.