இசைக்கலைஞராக எட்டக்கூடிய இலக்குகளை வகுத்தல்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

வயலின் ஆசிரியர்:

நடுவயதில் வயலின் கற்க வருபவர்களில் பலர், வில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே, தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று பரவலாகப் பேசப்படும் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அண்மையில் என்னிடம் வந்த ஒருவர், வேலை முடிந்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வாசித்தால் தமக்கு 27 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டு, தொடங்கும் முன்பே சோர்ந்து போயிருந்தார். அந்த எண்ணின் பிறப்பிடத்தை அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்கள் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லினில் பயின்ற வயலின் மாணவர்களுள் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சியின் சராசரி ஏறத்தாழ அந்த அளவில் இருந்தது. அது சராசரியே தவிர, எல்லோரும் தாண்டியாக வேண்டிய எல்லைக்கோடு அன்று. மேலும், அந்த மாணவர்கள் உலக மேடைகளில் தனியாக வாசிக்கும் தகுதி பெறக்கூடியவர்கள் என்று அவர்களுடைய ஆசிரியர்களால் கருதப்பட்டவர்கள். அவர்கள் இடையிடையே ஓய்வெடுத்தார்கள் என்பதும், பகலில் சற்று உறங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கின்றன; ஆனால், அவற்றை இலக்காகக் கொண்டு எவரும் என்னிடம் வந்ததில்லை.

அந்த மாணவருக்கு முதலில் நாங்கள் வைத்த இலக்கு, விரல் எதுவும் வைக்காமல் நான்கு தந்திகளிலும் வில்லை முழு நீளத்துக்கும் கரகரப்பின்றி இழுப்பது மட்டுமே. அடுத்தது, சீரான வேகத்தில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரமாக ஆரோகண அவரோகணத்தைச் சுருதி விலகாமல் வாசிப்பது. வாரம் ஒருமுறை கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்குமாறு சொன்னேன். வாசித்த உடனே கேட்டால் விரல்களின் முயற்சி நினைவில் நின்று காதை ஏமாற்றிவிடும் என்பது என் எண்ணம். பிழையின்றித் தொடர்ந்து மூன்று முறை வந்த பிறகே வேகத்தை நான்கைந்து தட்டுகள் கூட்டினோம்.

குறித்த நாளுக்குள் ஓர் உருப்படி, அதாவது வாசிக்கக் கற்கும் பாடல், கைவராதபோது என்ன செய்வது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலர் நாளைத் தள்ளிவைப்பார்கள். நான் குறித்த நாளை மாற்றாமல், உருப்படியின் அளவைக் குறைத்துவிடுவேன். முழுவதையும் தடுமாறி வாசிப்பதைவிட, முதல் எட்டு வரிகளைத் தாளம் பிசகாமல் வாசித்துக் காட்டச் சொன்னால், மாணவருக்குத் தம் நிலை தெளிவாகத் தெரிகிறது. தள்ளிவைத்த நாளோ மீண்டும் தள்ளிப்போகிறது.

வீட்டில் பாடல் பதிவு செய்பவர்:

எங்கள் குழுவில் கிட்டார் வாசிக்கும் நண்பர், ஓராண்டில் ஒரு லட்சம் பேர் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறு இலக்கே வேண்டாம் என்று உறுதியாக இருந்தார். அந்த எண் பாடுபவர் கையிலும் இல்லை, வாசிப்பவர் கையிலும் இல்லை என்று நான் வாதிட்டேன். 2024 முதல், இணையத்தில் பாடல் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை தளத்தில், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை சேர்வதில்லை. அந்த முதல் படியையே எட்டாத பாடல்கள் ஏராளமாக இருக்கையில், லட்சத்தில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில், ஆண்டுக்குள் நான்கு பாடல்களை எழுதி, பதிவு செய்து, ஒலிக்கலவையும் முடிப்பது என்று ஒப்புக்கொண்டோம். தொடங்கிய பாடல்களை முடிக்காமல் விடுவதே எங்கள் உண்மையான குறை என்பதால், இந்த இலக்கு அதைத் தொட்டது. கேட்டவர்களின் எண்ணிக்கையை நண்பர் இன்னமும் தினமும் பார்க்கிறார். அதைத் தடுக்க நான் முயலவில்லை.

பியானோ வாசிப்பவர்:

நேரத்தையும் எண்ணிக்கையையும் பற்றிப் பேசிய இருவரும் உடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்னுடன் பயின்ற தோழி ஒருவர், தேர்வுக்காகப் பயிற்சி நேரத்தைத் திடீரென இருமடங்காக்கிய பிறகு வலது மணிக்கட்டில் வலி கண்டு, மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க நேர்ந்தது. அவர் இலக்கைக் கைவிடாமல் அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டார். இடது கைப் பகுதிகளைத் தனியே மனப்பாடம் செய்வது, ஸ்வர இடைவெளிகளைக் காதால் அடையாளம் காண்பது ஆகியவற்றை அந்த வாரங்களுக்குரிய பாடமாக வைத்தார். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர் 1960-களில் வலது கை விரல்களின் கட்டுப்பாட்டை இழந்தபோது, இடது கைக்கென்று எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், கற்பித்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார். அவர் வாசித்த படைப்புகளில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய இடது கைக் கன்செர்ட்டோவும் ஒன்று. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் கேட்டு எழுதுவித்தது அது.

தோழி இப்போது இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறார். பயிற்சி நேரத்தைக் கூட்டும்போதும் வாரத்துக்குச் சிறிதளவே கூட்டுகிறார். வயலின் ஆசிரியரிடம் ஒரு கேள்வி: உருப்படியின் அளவைக் குறைக்கும் உங்கள் முறையை, உடன் வாசிப்பவர்கள் இருக்கும் சேர்ந்திசையில் எப்படிக் கையாளுகிறீர்கள்? அங்கே ஒருவருடைய பகுதியை மட்டும் சுருக்க முடியாதல்லவா?