இன்கா தலங்களுக்கு எந்த மாதம் போகலாம்? மலை உயரத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: மன்னார்குடி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் பெரு நாட்டுக்குச் சென்று குஸ்கோ, மாச்சு பிச்சு முதலிய இன்கா தலங்களைப் பார்க்க விரும்புகிறோம். இருவருக்கும் அறுபது வயது நெருங்குகிறது; மனைவிக்கு இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. கொடைக்கானலுக்கு மேற்பட்ட உயரத்தை நாங்கள் பார்த்ததில்லை. சம்பா அறுவடை தையில் முடிந்துவிடுவதால் மாசியில் புறப்படலாம் என்பது என் எண்ணம். பயண நிறுவனம் ஒன்று தந்த திட்டத்தில், லிமாவில் இறங்கிய மறுநாள் குஸ்கோ, அதற்கடுத்த நாள் வானவில் மலை என்று இருக்கிறது. இது எங்களுக்கு ஒத்துவருமா? நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில்: திருவாரூர் வாசகர்

ஐயா, மாசி வேண்டாம். அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம்; மலைச்சரிவும் இரயில் தடையும் அப்போதுதான் மிகுதி. பழைய இன்கா நடைபாதையைப் பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் மூடியே வைத்திருப்பார்கள். சம்பாவுக்குப் பின் தெளித்த உளுந்தையும் பயறையும் எடுத்து முடித்து, ஏப்ரல் கடைசியில் புறப்பட்டால், மழை ஓய்ந்து மலைகள் இன்னும் பசுமையாக இருக்கும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பதற்குள் ஊருக்குத் திரும்பிக் குறுவை வேலையையும் தொடங்கிவிடலாம். ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா தவறிப்போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாரத்துக் கூட்டத்தையும் விடுதி வாடகையையும் நினைத்தால் அது பெரிய இழப்பில்லை.

பதில்: நாகையிலிருந்து ஒரு செவிலியர்

அந்த நிறுவனம் தந்த திட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். வானவில் மலையோ 5,000 மீட்டருக்கும் மேல். அதை உங்கள் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள் என்பது என் கருத்து.

குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரில் தங்காமல், காரிலேயே உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒயாந்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர்தான். மாச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 மீட்டர். முதலில் இவ்விரண்டையும் பார்த்து, உடல் பழகிய பின் குஸ்கோவுக்கு ஏறுவதே முறை. முதல் இரண்டு நாள் வயிறு முட்டச் சாப்பிடுவதையும் மதுவையும் தவிர்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுக்கலாம்; ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

அசெட்டசோலமைடு மாத்திரை உயர நோயைத் தடுக்க உதவும். எனினும் அதுவும் சிறுநீர் பெருக்கியே என்பதால், அம்மா எடுத்துக்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடுதிகளில் தரும் கோக்கா இலைத் தேநீரை அங்கே குடிப்பது சட்டப்படி சரியே, ஆனால் அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டுவரக் கூடாது.

பதில்: தஞ்சாவூர், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

விவசாயி என்பதால் சொல்கிறேன்: பெரும்பாலோர் கற்சுவரைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் தண்ணீரைப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த மாச்சு பிச்சுவில், மலைச்சரிவில் ஊறும் ஊற்று நீரைக் கல் வாய்க்காலில் கொண்டுவந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக 16 நீர்த்தொட்டிகளில் விழச் செய்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வடிகால்தான். படிக்கட்டு வயல்களில் மேலே வளமான மண், அதன்கீழ் சரளை, அடியில் உடைகல் என்று அடுக்கியிருப்பதால் மழைநீர் தேங்காமல் இறங்கிவிடுகிறது. அந்தச் செங்குத்தான மலையில் ஊர் சரியாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பாசனத்தைவிட வடிகாலே பெரும்பாடாக இருக்கும் நம் கடைமடைப் பகுதியில் பிறந்தவருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

குஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள திப்போனில் கூட்டம் குறைவு, வாய்க்கால்களில் இன்றும் நீர் ஓடுகிறது. அரைநாளாவது அங்கே ஒதுக்குங்கள். வட்ட வட்டமாக இறங்கும் மொராய் வயல்களையும், அருகிலுள்ள மாராஸ் மலையுப்பளத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்தவருக்கு மாராஸ் கட்டாயம் பிடிக்கும்.

மீண்டும் கேள்வியாளர்

மிக்க நன்றி. புறப்பாட்டை ஏப்ரல் இறுதிக்கு மாற்றிவிட்டேன், வானவில் மலையையும் நீக்கச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் என்ன செய்வது?

பதில்: கும்பகோணம் வாசகி

உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அந்த மண்ணின் பயிர்கள், ஆகவே பட்டினி கிடக்க நேராது. கினோவா என்னும் தானியத்தில் செய்த சூப் எங்கும் கிடைக்கும். ஆனால் இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் கோழிச்சாற்றில் கொதிக்க வைத்துத் தரக்கூடும் என்பதால், சாறும் காய்கறியில் செய்ததுதானா என்று தனியே கேளுங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவது நல்லது.

மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டை நாள், நேரம், செல்லும் பாதை ஆகிய மூன்றையும் குறித்தே விற்கிறார்கள், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாயிலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், நம்மைப் போல இனிஷியலோடு வாழ்பவர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் பெயரைப் பதிய வேண்டும். உள்ளே கழிப்பறை கிடையாது. வாயிலுக்கு வெளியேதான் உண்டு. பெருவிலிருந்து திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும் என்பதால், இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.