ஃபேக்டரி டீம்கள் ஏன் சில சூப்பர்பைக் ரேஸ்களுக்கு வருவதில்லை?

குடந்தை ஆர்எக்ஸ்:
ஜப்பானில் நடக்கிற சுசுகா 8 மணி நேர ரேஸில் யமஹா 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தது. 2019-ல் கோப்பை கவாசாகிக்குப் போனது. அதற்கப்புறம் 2025 வரை யமஹா ஃபேக்டரி டீம், அதாவது கம்பெனியே நேரடியாக நடத்துகிற டீம், அந்தப் பக்கமே வரவில்லை. ஹோண்டா மட்டும் என்ன? ஷோரூம் வண்டிகளை வைத்து நடக்கிற உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப்பில், 2002-ல் ரைடர் காலின் எட்வர்ட்ஸ் பட்டத்தை வாங்கிக் கொடுத்த கையோடு மூட்டை கட்டியது. ஹோண்டாவின் ரேஸ் பிரிவான எச்ஆர்சி அங்கே திரும்பி வந்தது 2020-ல். சுசுகா அன்று கும்பகோணத்தில் காலை எட்டு மணிக்கே போன் முன்னால் உட்கார்ந்துவிடுகிற எங்களுக்கு இது பெரிய ஏமாற்றம். என்னைக் கேட்டால் இதெல்லாம் தோல்வி பயம்தான்.

மன்னை வேலு:
தம்பி, 2020-லும் 2021-லும் கொரோனாவால் சுசுகா ரேஸே நடக்கவில்லை. அதையும் யமஹா கணக்கில் எழுதலாமா? பயம் என்றால் உயிர்ப் பயத்தைச் சொல்லுங்கள். பிரிட்டன் பக்கத்து மேன் தீவில் நடக்கிற டிடி ரேஸ் ஒரு சுற்று 60 கிலோமீட்டர். அத்தனையும் ஊர் ரோடு. கல் சுவர், விளக்குக் கம்பம், வீட்டு வாசல் எல்லாம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். 1959-ல் அங்கே போய்த்தான் ஹோண்டா உலகத்துக்குத் தன்னைக் காட்டியது. 1972-ல் ரைடர் ஜில்பெர்டோ பார்லோட்டி அங்கே இறந்ததும், இனி வரமாட்டேன் என்று உலக சாம்பியன் அகோஸ்டினி நின்றுவிட்டார். 1976-உடன் உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்தும் போனது. ஒப்பந்தத்தில் இருக்கிற ரைடரை எந்தக் கம்பெனி அங்கே அனுப்பும்? நம் பக்கம் பொங்கல் கபடிக்கு ஸ்டேட் டீம் பையனைக் கோச் விடுவாரா? முட்டி போனால் அந்த வருஷமே போச்சு.

குடந்தை ஆர்எக்ஸ்:
வேலு அண்ணே, ஆபத்துதான் காரணம் என்றால் முழுசாக விலக வேண்டும். ஹோண்டாவின் பிரிட்டன் டீம் டிடிக்கு வருகிறதே? 2023-ல் பீட்டர் ஹிக்மன் மணிக்கு 136.358 மைல் சராசரியில் ஒரு சுற்று போனார். வண்டி பிஎம்டபிள்யூ, டீம் தனியார். அதுவும் ஷோரூம் வண்டிக்கு நெருக்கமான சூப்பர்ஸ்டாக். சாதனை வந்தால் விளம்பரம் கம்பெனிக்கு, விபத்து வந்தால் பழி தனியார் டீமுக்கு. இதை எப்படி நியாயம் என்பீர்கள்?

மயூரம் மெக்கானிக்:
இரண்டு பேரும் ரூல் புத்தகத்தைத் தொடவே இல்லை.

ஒரு ஆர்15-ஐ நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடியுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் ஏறாது, இன்ஜின் தட் தட்டென்று வெட்டும். அதற்கு மேல் சுற்றாதே என்று ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், தடுக்கிற இடம் அது. தெரு வண்டியில் அந்த இடத்தைக் கம்பெனி முடிவு செய்கிறது. உலக சூப்பர்பைக்கில் 2018-ல் ரேஸ் நிர்வாகம் முடிவு செய்ய ஆரம்பித்தது. கவாசாகிக்கு அந்த வருஷம் கொடுத்தது 14,100 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. அடுத்த வருஷம் டுகாட்டி புது வி4 ஆர் வண்டியோடு வந்தது, அதற்கு 16,350. ஷோரூம் வண்டி எவ்வளவு சுற்றுமோ அதை வைத்துத்தான் ரேஸ் வண்டியின் எல்லை. அப்படியானால் கவாசாகி என்ன செய்ய முடியும்? ரேஸ் இன்ஜினை மட்டும் தேற்றிப் பயனில்லை. அவ்வளவு சுற்றுகிற புது இன்ஜினைத் தெரு வண்டிக்கே செய்து, நூற்றுக்கணக்கில் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். அந்தச் செலவு ஒரு சீசன் ரேஸ் செலவை விடப் பெரிது. 2024-உடன் கவாசாகி தன் ஃபேக்டரி டீமை நிறுத்தியது. அதே டீம் இப்போது பிமோட்டா வண்டியில், கவாசாகி இன்ஜினோடு ஓடுகிறது.

ஹோண்டா விஷயமும் இதுதான். 2002-ல் மோட்டோ ஜிபி 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது, இன்ஜினியர்களும் பணமும் அங்கே போனார்கள். 2004-ல் சூப்பர்பைக்கில் எல்லாருக்கும் பிரெல்லி டயர் என்றார்கள். தனக்கென்று டயர் செய்து வாங்கிப் பழகிய ஃபேக்டரிக்கு அப்புறம் அங்கே என்ன வேலை?

குடந்தை ஆர்எக்ஸ்:
ரூல் கட்டிப்போட்டது என்கிறீர்கள். 2019-ல் பாவுதிஸ்தா முதல் 11 ரேஸையும் அதே டுகாட்டியில் வரிசையாக ஜெயித்தும் பட்டம் கவாசாகியில் ஜொனாதன் ரே-க்குத்தானே போனது?

மயூரம் மெக்கானிக்:
பாவுதிஸ்தா அப்புறம் விழுந்துகொண்டே இருந்தார், ரே விழவில்லை. அது ரைடரின் திறமை. 2020-க்குப் பிறகு கவாசாகிக்கு ஒரு பட்டமும் இல்லை.

ஆரூர் செல்வி:
யமஹா 2025-ல் சுசுகாவுக்கு ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. கம்பெனி ஆரம்பித்து 70 வருஷம். யமஹாவின் பழைய ஆர்7 வண்டியின் வெள்ளை சிவப்பு பெயின்ட்டில் மோட்டோ ஜிபி ரைடர் ஜாக் மில்லரை ஏற்றி, ஹோண்டாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தார்கள். ஜெயிக்கவில்லை, ஆனால் எல்லாரும் போட்டோ எடுத்தது அந்த வண்டியைத்தான். வேலு அண்ணன் சொல்கிற ஆபத்து, மயூரத்துக்காரர் சொல்கிற ரூல் இரண்டும் உண்மை. இருந்தாலும் விற்கவோ கொண்டாடவோ ஏதாவது இருந்தால் அத்தனையையும் தாண்டி வந்துவிடுகிறார்கள்.

மன்னை வேலு:
செல்வி, அது சுசுகாவுக்குச் சரி. மேன் தீவுக்கு எந்தக் கொண்டாட்டத்தையும் சாக்கு சொல்லி ரைடரை அனுப்பக் கூடாது. அதில் நான் மாறமாட்டேன்.

குடந்தை ஆர்எக்ஸ்:
மெக்கானிக் சார், 2007-ல் எச்ஆர்சி இல்லாமலே டென் கேட் என்கிற தனியார் டீம் ஹோண்டாவில் ஜேம்ஸ் டோஸ்லாண்டை 2 புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் ஆக்கியது. அவர்கள் ஓட்டியதும் அதே பிரெல்லியில்தான். 2020-ல் எச்ஆர்சி புது ஃபயர்பிளேடு வண்டியோடு திரும்பியபோதும் டயர் பிரெல்லிதான். டயர் பிடிக்காமல் போனவர்கள் அதே டயருக்கு ஏன் வந்தார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.