ஜாயின்டரில் பலகையின் கடைசி முனை மட்டும் பள்ளமாகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜாயின்டரில் (பலகையை நேராக இழைக்கும் இயந்திரம்) பலகை முழுக்க நேராக இழைகிறது, கடைசி 5 செ.மீ. மட்டும் பள்ளமாகிவிடுகிறது, விரலால் தடவினாலே படி தட்டுகிறது. இழைத்த பலகை போய்ச் சேரும் பின் டேபிள் பிளேடைவிடத் தாழ்ந்திருந்தால் இப்படி ஆகும் என்பதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நேரான மரச்சட்டம் ஒன்றைப் பின் டேபிளில் வைத்து பிளேடு மாட்டிய உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பு) பக்கம் பிளேடு சட்டத்தை 3 மி.மீ. நகர்த்துகிறது, என் பக்கம் 7 மி.மீ. ஆக, பிளேடே சாய்ந்திருக்கிறது.

பிளேடைச் சரியாக வைத்தாலும், அதைப் பிடிக்கும் ஸ்க்ரூவை முறுக்கும்போது பிளேடு மேலேறிவிடுகிறது! நான்கு முறை கழற்றி மாட்டிவிட்டேன். முதலில் நடு ஸ்க்ரூவை இறுக்குவீர்களா, ஓரத்திலிருந்தா? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா? பலகையை ஒரே தடிமனாக இழைக்கும் திக்னஸ் பிளானரிலும் முனைகள் லேசாகக் குழிகின்றன, அது அப்புறம். முதலில் இதற்கு வழி சொல்லுங்கள்.